மஞ்சள் எரிந்த அடி

ஜெசிந்தாவின் கையிலிருந்து தட்டு விழுந்தால் அருளப்பன் தட்டைப் பார்க்க மாட்டார். அவள் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். அங்கே கடுகளவு விளக்கு ஒன்று உண்டு. பச்சை எரிந்தால் அவள் செய்தது, மஞ்சள் எரிந்தால் மெஷின் செய்தது. எது எரிந்தாலும் அவர் சொல்வது என்னவோ ஒன்றுதான்.

"வுடு ஜெசி. நீ இன்னா பண்ணுவே, பாவம். மெஷின் பண்ண வேலை."

இந்தப் "பாவம்" இருக்கிறதே, அதுதான் ஜெசிந்தாவுக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு முட்டை கைதவறி உடைந்ததற்கு மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திய மனுஷன் இவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓட்டிக் குரலே அப்படி ஆகிவிட்டது. அந்த மனுஷன் இப்போது பூனைபோல் வந்து, உடைந்ததை அள்ளிக்கொண்டு, பூனைபோல் போய்விடுகிறார். உப்பு கூடினாலும் மெஷின், பால் பொங்கினாலும் மெஷின். ஒருநாள் அவள் வேண்டுமென்றே ஒரு சண்டைக்கு ஏற்பாடு செய்து, அவர் தங்கச்சியைப் பற்றி நாலு வார்த்தை பேசிப் பார்த்தாள். "கை வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்வாள்!

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. ஏறியிருந்த ஏழு பேரில் ஆறு பேர் சிராய்ப்போடு எழுந்து டிரைவரைத் திட்டப் போனார்கள். ஜெசிந்தாவாலும் எழ முடிந்தது, திட்ட முடிந்தது, வலது கையைத் தூக்கத்தான் முடியவில்லை. தோளுக்குக் கீழே நரம்பு போய்விட்டது என்றார்கள். எட்டு மாதம் கழித்துத் துணைக்கை மாட்டினார்கள். தோளிலிருந்து விரல் நுனிவரை தோலோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உறை, காதுக்குப் பின்னால் காசளவு தகடு. அவள் நினைப்பதைத் தகடு பிடித்து உறைக்குச் சொல்லும், உறை விரலை மடக்கும், நீட்டும். முதல் நாள் தன் தலையைத் தானே வாரிக்கொண்டபோது ஜெசிந்தா அழுதுவிட்டாள்.

விளக்கு வந்த கதை வேறு. துணைக்கைகள் வந்த புதிதில் மச்சானை அறைந்த ஒருத்தன், "நான் அறையலீங்க, மெஷின் அறைஞ்சுது" என்று கோர்ட்டில் சாதித்து வெளியே வந்துவிட்டான். அதோடு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு அசைவையும் முதலில் தொடங்கியது ஆளா, துணைக்கையா என்று விளக்கு காட்டியாக வேண்டும். பிறகு கேட்க வேண்டுமா? போலீஸ் ஸ்டேஷனில் விளக்கைப் பார்த்தார்கள், பரீட்சை ஹாலில் பார்த்தார்கள். பெரம்பூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது மஞ்சள் எரிந்துவிட்டதென்று பெண்ணின் தாய்மாமன் மேளத்தை நிறுத்தி, மறுபடி கட்டச் சொன்னார். மங்களமான நிறம்தானே என்று புரோகிதர் சமாதானம் சொல்லிப் பார்த்தாராம், எடுபடவில்லை.

ஜெசிந்தாவுக்குக் கேரம் என்றால் உயிர். விபத்துக்கு முன்னால் மூன்று முறை மாநில சாம்பியன். இடது கையால் ஆடிப் பார் என்று சொல்லாத ஆளில்லை. ஆறு மாதம் ஆடிப் பார்த்தாள். நாற்பத்து நாலு வயதில் இடது கைக்கு ஒன்றும் ஏறவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வேலைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஆடிப் பழகியது ராயபுரத்துக் கோணத்தெரு கேரம் மன்றத்தில். அங்கே வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம். சொல்லித்தான் அடிக்க வேண்டும். எந்தக் காய், எந்தக் குழி என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு அடி. சொன்ன குழியில் விழுந்தால் உன் காய். சொல்லாத குழியில் விழுந்தால் அது குருட்டுக் காய். அதை எடுத்து நடு போர்டில் வைத்துவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் தலையில் ஒரு குட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய போட்டிகளில் பேசினால் நடுவர் முறைப்பார். அதனால் கோணத்தெருக்காரர்கள் ஒரு ஊமைபாஷை வைத்திருந்தார்கள். இடது கையில் நாலு விரல், போர்டில் நாலு குழி. ஆள்காட்டி விரல் எதிர்ப்பக்கத்து இடது குழி, நடுவிரல் எதிர்ப்பக்கத்து வலது குழி, மோதிரவிரல் தன் பக்கத்து இடது, சுண்டுவிரல் தன் பக்கத்து வலது. கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்தந்த விரலை அழுத்திவிட்டு அடிப்பார்கள். யாருக்கும் காட்டுவதற்கல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கு. ஜெசிந்தாவின் இடது கைக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

இந்த வருஷம் கேரம் சங்கம் அவளை ஆட விட்டது, ஒரு நிபந்தனையோடு. துணைக்கை ஆடிய அடி செல்லாது. முடிவைத் தீர்மானிக்கும் அடி அப்படி அமைந்தால் ஆட்டமும் போச்சு, துணைக்கைக்குக் கொடுத்த அனுமதியும் போச்சு. அதாவது இனி அவள் வாழ்நாளில் போட்டி மேஜைப் பக்கம் உட்கார முடியாது. நடுவர் பக்கத்தில் ஒரு திரை வைத்து, அவள் அடிக்கு அடி விளக்கைக் குறித்துக்கொண்டார்கள். ஜெசிந்தாவும் ஒவ்வொரு அடிக்கும் 'இப்போ சுண்டுகிறேன், இப்போ சுண்டுகிறேன்' என்று மனசுக்குள் எண்ணி எண்ணிச் சுண்டி, பச்சையாகவே எரியவிட்டு அரையிறுதிவரை வந்துவிட்டாள். தப்பில்லாத ஆட்டம்தான். ஆனால் அதில் ஒரு சுகமும் இல்லை.

அரையிறுதியில் எதிரே உட்கார்ந்தவள் சேலத்துப் பர்வீன். இருபத்து மூன்று வயது, தேள் கொட்டுவதுபோல் அடி. மூன்றாவது கேம், இருவரும் இருபத்து நாலு புள்ளி. ஜெசிந்தாவுக்கு மிச்சம் ஒரே ஒரு வெள்ளை. அது போர்டின் எதிர்ப்பக்கச் சட்டத்தை ஒட்டிக் கிடந்தது. பர்வீனுக்கும் ஒரே ஒரு கறுப்பு. இந்த அடி தவறினால் அடுத்த அடியில் பர்வீன் முடித்துவிடுவாள்.

அப்போதுதான் அது நடந்தது. கூட்டம் மறந்தது, திரை மறந்தது, காதுக்குப் பின்னாலிருந்த தகடு மறந்தது. இரண்டரை வருஷத்தில் முதல்முறையாக ஜெசிந்தாவுக்குத் தன் கையே மறந்தது. காய் மட்டும் தெரிந்தது. சுண்டினாள்.

ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதி, பக்கச் சட்டத்தில் மோதி, சுற்றி வந்து கறுப்பைத் தொட்டது. கறுப்பு போய் வெள்ளையை முட்டியது. வெள்ளைக் காய் போர்டின் குறுக்கே சாவகாசமாக நழுவி வந்து, ஜெசிந்தாவின் வலது முழங்கைக்குப் பக்கத்துக் குழியில் போய் விழுந்தது.

ஹால் அதிர்ந்தது. கோணத்தெருக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று, "சொல்லி அடிச்சா பார்றா!" என்று கூவினார்கள். அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஒருவன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "மேடம், ரெண்டு சட்டத்துல மோதி வந்த அந்த ஷாட் பிளான் பண்ணி அடிச்சதா?" என்று கேட்டான். ஜெசிந்தா மூச்சு வாங்கிக்கொண்டே, "பின்ன, குருட்டாம்போக்குலயா அடிப்பாங்க?" என்றாள்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம் கழித்து நடுவர் திரையைப் பார்த்தார். மஞ்சள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கத்து அறையில் விசாரணை. தலைமை நடுவர் தாமோதரன் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே நிற்பவன் டிக்கெட் வாங்கினானா இல்லையா என்று முகத்தை வைத்தே கண்டுபிடிப்பார் என்று பேர். அவருக்கு வலப்பக்கம் பர்வீனும் அவள் பயிற்சியாளர் மதிவாணனும். இடப்பக்கம் ஜெசிந்தா, அவளருகில் துணைக்கைக் கம்பெனியிலிருந்து வந்திருந்த தேன்மொழி என்ற பெண். அருளப்பன் கதவோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மதிவாணன் நல்ல மனுஷர்தான். குரலை உயர்த்தவே இல்லை. "சார், அந்தம்மா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நேத்து அடிச்ச அடிய எல்லாரும் பாத்தோம். சட்டத்துல ரெண்டு தடவை மோதி, கறுப்பை வெச்சு வெள்ளையத் தள்ளி... பெரிய பெரிய ஆட்டக்காரங்களுக்கே நூறுல ஒண்ணு விழும். பிளான் பண்ணி அடிச்சேன்னு அவங்களே சொல்லிட்டாங்க. லைட்டும் மஞ்சள். இவ்வளவு சுத்தமான அடிய மனுசக் கை அடிக்குமா சார்?"

தாமோதரன் தேன்மொழியைப் பார்த்தார். "மஞ்சள்னா என்னம்மா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"சார், நினைக்கறதுக்கும் கை போறதுக்கும் நடுவுல ஒரு இழுவை இருக்கும். அதைக் கொறைக்கத்தான் துணைக்கை அக்காவோட பழக்கத்தைப் பாத்து, இப்ப இப்படித்தான் போவாங்கன்னு ஊகிச்சு கிளம்பும். அவங்க சிக்னல் முந்தினா பச்சை. ஊகம் முந்தினா மஞ்சள். ஒவ்வொரு விரலா யோசிச்சு ஆடினா எப்பவும் பச்சைதான். தன்னை மறந்து ஆடினாத்தான் மஞ்சள் வரும்."

"அப்ப ஆடினது மெஷின்னு நீங்களே சொல்லிட்டீங்க," என்றார் மதிவாணன்.

"இருங்க சார்," என்றார் தாமோதரன். "ஏம்மா, அதுக்குப் போர்டு தெரியுமா?"

"தெரியாது சார். அதுக்குக் கண்ணே இல்ல. அக்கா கை எப்படிப் போகும்னு மட்டும்தான் தெரியும். காய், குழி, கேரம், எதுவும் தெரியாது."

"நேத்து அந்த அடியில அது ஏதாவது பிசகுச்சா?"

தேன்மொழி கையிலிருந்த திரையைத் தடவினாள். "பிசகு பூஜ்யம் சார். விரல் போக வேண்டிய வழியில கரெக்டாப் போயிருக்கு."

மதிவாணன் கையை விரித்தார். இதற்குமேல் என்ன வேண்டும் என்பதுபோல. தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"ஜெசிந்தாம்மா, நேத்து நீங்க என்ன பண்ணீங்க?"

"அடிச்சேன் சார்."

"அது தெரியும். என்ன செய்யப் பாத்தீங்கன்னு கேக்கறேன்."

தெரு முனையில் காலையிலேயே பேனர் கட்டிவிட்டார்கள். ஆளுயர எழுத்தில், "சொல்லி அடித்த கோணத்தெருச் சிங்கமே!" அவள் படத்துக்கு மாலை வேறு. முப்பது வருஷத்தில் தலையில் ஒரு குட்டுக்கூட வாங்காதவள் என்று மன்றத்தில் அவளுக்குப் பேர். இப்போது வாயைத் திறந்தால் அந்தப் பேர் போச்சு. திறக்காவிட்டால் கை போச்சு. அதிலும் என்ன கொடுமை பாருங்கள், மெஷின்தான் அடித்தது என்று முடிவானால் ஊரே வந்து, "நீ இன்னா பண்ணுவே, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகும். அதை நினைத்ததும் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது குருட்டுக் காய் சார்."

கதவோரத்தில் அருளப்பன், "ஏய் ஜெசி!" என்றார்.

"நீ கம்முனு இருய்யா. சார், நான் குறி வெச்சது அந்தப் பக்கத்து இடது குழிக்கு. வெள்ளைய லேசா சீவி உள்ள தள்ளலாம்னு பாத்தேன். வெள்ளைமேல படவே இல்ல. நூலளவு தள்ளிப் போய்ட்ச்சு. அப்புறம் அது சுத்திகினு வந்து எங்கியோ முட்டி, எங்கியோ வுழுந்துச்சு. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பிளான் பண்ணேன்னு சொன்னது பொய். எல்லாரும் கைதட்டுனாங்களா, நானும் ஆமான்ட்டேன்." அவள் முகம் சிவந்துவிட்டது. "ஆனா தவறுனது என் அடி சார். அத எவனுக்கும் தர மாட்டேன்."

மதிவாணன் தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்கங்கம்மா. நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. எதை நம்பறது?"

அதுவரை வாயே திறக்காத பர்வீன், நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மாஸ்டர், எதிர்ல உக்காந்திருந்தது நான்தானே. ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போன உடனே அக்கா 'ச்சே'ன்னாங்க. அப்ப அது சட்டத்தைக்கூடத் தொடல."

"இதை ஏன் நேத்தே சொல்லல?"

"யாரும் கேக்கல மாஸ்டர்."

மதிவாணன் அவளைப் பார்த்தார். கோபப்பட வேண்டும்போல்தான் இருந்தது அவருக்கு. ஆனால் பெருமைதான் வந்தது, அது முகத்திலும் தெரிந்துவிட்டது.

தாமோதரன் பேனாவை மூடி வைத்தார். "மதிவாணன் சார், மெஷின் கணக்குல நேத்து ஒரு தப்பும் நடக்கல. பிசகு பூஜ்யம். ஆனா போர்டுல ஒரு தப்பு நடந்திருக்கு. வெள்ளைக் காய் தவறியிருக்கு. காய்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத மெஷினால காயைத் தவறவிட முடியுமா? குறி வெச்சவங்கதான் தவறவிட முடியும். விரலை முதல்ல யார் அசைச்சாங்கன்னு அந்த லைட் சொல்லுது, சரி. ஆடினது யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீங்க சைக்கிள் ஓட்டும்போது இப்ப இந்தக் கால், இப்ப அந்தக் கால்னு நினைச்சா மிதிக்கறீங்க? கால் பாட்டுக்குப் போகுது. அதுக்காக சந்தைக்குப் போனது நீங்க இல்ல, உங்க கால்தான்னு சொல்லிடலாமா?"

மதிவாணன் சிரித்துவிட்டார். "அப்ப அந்தக் காய், சார்?"

"விதியில குருட்டுக் காய்னு ஒண்ணு கிடையாது. விழுந்தது விழுந்ததுதான். அடி அவங்களோடது. இறுதிப் போட்டிக்கு அவங்க போறாங்க."

வெளியே வந்ததும் தாமோதரன் தேநீர் கிளாஸோடு ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்கள் தள்ளிப் போகும்வரை காத்திருந்து, தன் இடது கையைக் காட்டினார். கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டிருந்தது.

"நானும் கோணத்தெருதான்மா. பதினெட்டு வயசுவரைக்கும். நேத்து உங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சொன்ன குழி வேற, விழுந்த குழி வேற."

"அடப்பாவி!" என்று வாய்வரை வந்ததை ஜெசிந்தா விழுங்கிக்கொண்டாள். "தெரிஞ்சுமா சார் என்னைய அப்படி நிக்கவெச்சீங்க?"

"நான் பார்த்தது விரலை. நீங்க என்ன செஞ்சீங்கன்னு நீங்கதானேம்மா சொல்லணும்?" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மடக்கிய விரலால் அவள் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தார். முப்பது வருஷத்தில் முதல் குட்டு. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சாயங்காலம் மன்றத்துக்காரர்கள் முனகிக்கொண்டே ஏணி வைத்து ஏறி, பேனரில் "சொல்லி அடித்த" என்பதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். சிங்கத்தை விட்டுவைத்தார்கள். அதுவே பெரிய மரியாதை என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

இறுதிப் போட்டியில் அவள் தோற்றாள். எண்ணி எண்ணி ஆடாமல் இஷ்டத்துக்கு ஆடினாள். திரையில் பாதி அடிக்கு மஞ்சள் எரிந்தது, ஒருத்தரும் கேட்கவில்லை. ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசி போர்டில் குழியின் வாயில் கிடந்த காயை, கண்ணைக் கட்டிவிட்டாலும் போடக்கூடிய காயை, அவசரப்பட்டு விட்டுவிட்டாள். இறங்கி வந்தபோது அருளப்பன் பழக்கதோஷத்தில் தொடங்கினார்.

"வுடு ஜெசி, நீ இன்னா பண்ணுவே, மெஷின்..."

"மெஷினும் இல்ல, மண்ணும் இல்ல. நான் வுட்டேன். நான்தான் தோத்தேன்." அவள் அதைச் சொன்ன சந்தோஷத்தைப் பார்த்து, ஜெயித்தவள்தான் குழம்பிப்போனாள்.

அருளப்பனுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறினால் இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அருளப்பன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் சலீரென்று ஒரு சத்தம். எழுந்து வந்து பார்த்தார். அவருடைய டீ கிளாஸ். பதினாறு வருஷமாக வேறெதிலும் டீ குடிக்காதவர். அது தரையில் தூள்தூளாகக் கிடந்தது, ஜெசிந்தாவின் வலது காலுக்குப் பக்கத்தில்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனக்கு?" பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை அமுக்கிக்கொண்டு எழுந்தது குரல். "எத்தினி வருசத்து கிளாஸ்! ஒரு பொருள ஒழுங்கா புடிக்கத் தெரியுதா? உங்க அம்மாவும் இப்டித்தான், ஊட்டுக்கு வரும்போதெல்லாம் எதனா ஒண்ண ஒடச்சிட்டுத்தான் போவும்! அசையாத, அசையாத, கால்ல குத்தும்! நில்லு அங்கியே!" திட்டிக்கொண்டே துடைப்பத்தை எடுத்தார், திட்டிக்கொண்டே குனிந்து பெருக்கினார், மூலையில் போன சில்லைத் தேடி எடுத்து அதற்குத் தனியாகத் திட்டினார். மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் மணிக்கட்டில் என்ன நிறம் எரிகிறது என்று அவர் ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜெசிந்தா சுவரோரம் ஒட்டி நின்று, நெடுநாள் கழித்துக் கேட்கிற பாட்டைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள். உள்ளே கட்டைவிரல், தன் பக்கத்து வலது குழிக்கான சுண்டுவிரலை இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.